நீல வால் சாரை

"மேடம், முதல்ல அந்த மேஜையை விட்டு இறங்குங்க... ஒரு கால் ஆடுது."

"பாம்பைப் பிடிங்க. அப்புறம் இறங்கறேன்."

"பாம்பு கடிச்சா ஊசி இருக்கு. மேஜை சாய்ஞ்சா உங்க இடுப்புக்கு யார் பொறுப்பு?"

அவள் முறைத்தாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டு அரை மணி நேரமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜைமேல் நிற்பவளிடம், வந்ததும் வராததுமாகப் பேசுகிற பேச்சா இது? வெளியே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்த காக்கிச் சட்டை, கையில் இரும்புக் கொக்கி, தோளில் துணிப்பை... ஆள் என்னவோ லட்சணமாகத்தான் இருந்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவன் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது பாம்பு பைக்குள் போயிருந்தது. ஆனால் அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஐயோ... கடிச்சிடுச்சா?"

"இல்ல... அது... அது என்னங்க?"

அவன் காட்டிய அலமாரியில் முப்பது பல் செட்டுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன.

அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். "நான் பல் செட் செய்யறேங்க. டாக்டருங்க அளவு எடுத்து அனுப்புவாங்க, நான் செஞ்சு குடுப்பேன். பாம்பையே பிடிக்கிறீங்க... பல்லைப் பார்த்தா பயமா?"

"பாம்பு இப்படிச் சிரிக்காதுங்க."

இமைகளில் மழைத்துளி ஒட்டியிருக்க அவன் நிமிர்ந்து பார்த்தான்... கரிய, அமைதியான கண்கள். அவற்றில் வெட்கமும் குறும்பும் ஒன்றாக எட்டிப்பார்த்தன. அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது. இறங்குவதற்காக அவன் நீட்டிய கையைப் பிடிக்காமலே இறங்கினாள். பிடித்திருக்கலாமே என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டாள்.

"இது வெறும் சாரை, விஷமில்ல. வீட்ல இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க."

"நான் தனியாத்தான் இருக்கேன். அப்புறம்... இது யாருக்கும் தெரிய வேண்டாமே, ப்ளீஸ். முக்கியமா எங்கண்ணனுக்கு."

அண்ணன் நல்லவன்தான். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன். ஆனால் ஆறு வருஷமாக அவள் வேலை செய்தது அவன் வீட்டு மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு மூலையில். பல் அச்சு வார்க்கிற சாந்துத் தூள் பறக்கிறது என்று அண்ணி தும்முவாள். மெஷின் சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை என்று அண்ணன் முனகுவான். ஊர் எல்லையில், நாலு வருஷம் பூட்டிக் கிடந்த இந்த வீடு வாடகைக்குக் கிடைத்தபோது அண்ணனோடு ஒரு மாதம் மல்லுக்கட்டித்தான் குடிவந்தாள். 'ஒரே ஒரு பாம்பு... வேனைக் கொண்டுவந்து சாமானை ஏத்திடுவேன்' என்ற நிபந்தனையோடுதான் அவன் தலையாட்டினான். இங்கே அவள் நிமிர்ந்து நிற்கலாம். பெரிய ஜன்னல், வடக்கு வெளிச்சம்... பல்லுக்கு நிறம் பார்க்க அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் பாம்புகளுக்கும் இந்த வீடு பிடித்துப்போயிருந்தது. மறு வாரம் குளியலறையில் ஒன்று. அதற்கும் மறு வாரம் செருப்பு வைக்கும் இடத்தில் ஒன்று. நடுநடுவே உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சிகள்! கட்டில் கால்களைச் சுற்றி மண்ணெண்ணெய் தெளித்தாள். தலையணையைத் தட்டாமல் படுப்பதில்லை. செருப்பை உதறாமல் போடுவதில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்கக்கூட டார்ச் இல்லாமல் இறங்குவதில்லை.

"பூச்சிக்கெல்லாம் நிலையத்துக்குப் போன் பண்ணாதீங்க, சிரிப்பாங்க. என் நம்பருக்குப் பண்ணுங்க" என்றான் அவன். ஒரு டம்ளரையும் அட்டையையும் வைத்துச் சிலந்தியைப் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தான். "மேல டம்ளரைக் கவிழ்த்து, அடியில அட்டையை மெல்லத் தள்ளணும்... கை நடுங்கினா பாவம், அதுக்குக் கால் போயிடும்."

"அதுக்கு எட்டு இருக்கு. எனக்கு இருக்கிறது ஒரு உசிருதான்!"

அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகும் நாலு தடவை போன் செய்தாள். ஏன் என்று அவளைக் கேட்காதீர்கள்... முகம் சிவந்துவிடும்.

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. பின்வாசலில் அவன் பிடித்த சாரையின் வால் முழுக்க நீலப் பெயின்ட். அதைப் பார்த்ததும் அவன் பேச்சு சட்டென்று நின்றுபோனது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

அவள் போட்டுவைத்த டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டான். அடுத்த முறை போன் செய்தபோது நிலையத்திலிருந்து பெரிய மீசைக்காரர் ஒருவர் வந்தார். அதற்கடுத்த முறையும் அவரேதான். 'சும்மா சும்மா கூப்பிட்டுத் தொல்லை பண்ணிட்டேன் போல... வெட்கம் கெட்டவ' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் நம்பரை அழித்தாள். மனப்பாடமான நம்பரை எப்படி அழிப்பது என்றுதான் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்து நின்றான். வந்தவன் நேராகப் பின்கட்டுக்குப் போனான். ஜன்னல் கம்பியில் ஒரு முழம் நீளத்துக்குப் பாம்புச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை?"

அண்ணனிடம் அவளுக்குப் பொய் வராது. "...ஏழு."

அவ்வளவுதான். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, ஊரே கேட்கும்படி கத்தினான். அடுத்த போன் வேன்காரருக்கு. அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள்... கடைசியில் அழுதுகொண்டே பல் செட்டுகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்ற ஆரம்பித்தாள். மாடிப்படி மூலை கண்முன் வந்தது. இப்போதே தலை இடிப்பது போலிருந்தது.

வேன் வந்து நின்றது. அதன் பின்னாலேயே ஒரு பைக். அவன்தான்... சீருடைகூட இல்லாமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தான்.

"சார்... சாமானை ஏத்தாதீங்க. தப்பு வீட்டு மேல இல்ல. என் மேல."

"என்ன சொல்றே?"

"ரெண்டு வருஷமா ஊர்ல பிடிக்கிற பாம்பையெல்லாம் இந்த வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற புதர்லதான் விட்டேன். பூட்டின வீடு, ஆள் இல்லேன்னு நினைச்சு... பின்பக்க ஜன்னல் எப்பவும் சாத்தியே இருந்துச்சு. நான் வர்றது பின்பக்க ஒத்தையடிப் பாதையில, முன்வாசல் வழியா வந்தப்ப இது அதே வீடுன்னு தெரியலே. அந்த நீல வால் சாரை, பெயின்ட் கடையில நானே பிடிச்சது. நானே கொண்டுவந்து விட்டது. அதை இங்க மறுபடி பார்த்தப்புறம்தான் எனக்கு உறைச்சது."

அண்ணன் வாயைப் பிளந்தான். "தம்பி, நீ பாம்பு பிடிக்கிறவனா, பாம்பு வளர்க்கிறவனா?"

அவளுக்கு அழுகை நின்று கோபம் பொங்கியது. "ரெண்டு மாசமா நான் தரையில கால் வைக்காம பயந்து செத்தேன்! சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் மூணு தடவை கேட் வரைக்கும் வந்தேன்..."

"வந்தீங்களா?" என்றாள். அவளை அறியாமலே குரல் இறங்கிவிட்டது.

"தினமும் டியூட்டி முடிஞ்சு புதர்ப் பக்கம் வந்து, ஒண்ணொண்ணா பிடிச்சு மலைக்காட்டுல கொண்டுபோய் விட்டேன். ஒன்பது பாம்பு. மொத்தத்தையும் எடுத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். ஆனா... சொன்னா இந்தக் கதவு எனக்குத் திறக்காதுன்னு பயம்."

"இந்தக் கதவு உனக்கு எதுக்குப்பா திறக்கணும்?" என்றான் அண்ணன்.

அவன் கீழே பார்த்தான், மேலே பார்த்தான், அலமாரியைப் பார்த்தான். பிறகு அவளை மட்டும் பார்த்தான்.

"எனக்கு உங்க தங்கச்சியைப் பிடிச்சிருக்கு, சார்."

வெளியே வேன்காரர் ஹார்ன் அடித்தார். அண்ணன் மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பல் செட்டின் பஞ்சை மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னம்மா சொல்றே? வர்றியா, இங்கேயே இருக்கியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. மறுபடியும் பாம்பு வரும்."

"வரட்டும்ணா. நான் இங்கதான் இருப்பேன்." அவள் தலை தானாகக் குனிந்துகொண்டது. குரல் மட்டும் தெளிவாக வந்தது. "பாம்பு வந்தாகூட இருந்துடுவேன்... இவர் வராம இருந்தாரே ரெண்டு வாரம்... அப்பத்தான் என்னால இங்க இருக்க முடியலே."