ஹால்வர் ஏரியில் ஒரு வாரம்

சமையலறையில் ஏரி வாசனை அடித்தது.

பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. வெளியே உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே. மினசோட்டாவின் ஏரிகள் எல்லாம் பாறையாய் இறுகி, அவற்றின் மேல் லாரிகளை ஓட்டிப் போய் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்படிப்பட்ட நாளில், அடுப்பில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மொறுமொறுத்துக்கொண்டிருந்த வீட்டுக்குள், சேற்றில் அழுகும் பாசியும், நீரில் ஊறிய மரப்பலகையும், அதற்கடியில் மெல்லிய பெட்ரோல் நெடியுமாக, கோடைக்காலத்துப் படகுத்துறை ஒன்றின் வாசனை எங்கிருந்தோ வந்து மாரிட்டின் மூக்கில் ஏறியது. அவள் பாத்திரம் கழுவும் தொட்டியை முகர்ந்து பார்த்தாள். கைத்துண்டை முகர்ந்து பார்த்தாள்.

"லைல், உனக்கு ஏதாவது வாசனை வருதா?"

"வருதே. கறி வாசனை. பசி உயிர் போகுது." கணவன் தலை நிமிரவில்லை. மேஜை முழுக்க மாநிலத்தின் வரைபடத்தை விரித்து, காப்பிக் கோப்பைகளை மூலைக்கொன்றாக வைத்திருந்தான். ஏழு வயது மகள் ஆனிகா நாற்காலியில் முட்டி போட்டு நின்று, நீலப் புள்ளிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் இது நடக்கும். ஜூலை விடுமுறைக்கு எந்த ஏரி என்று லைல் கேட்பான். அவன் விரல் வடகிழக்கு மூலைக்குப் போகும்போதெல்லாம் மாரிட் ஏதாவது சொல்லித் தடுத்துவிடுவாள். பாசி அதிகம், சாலை மோசம், போன வருஷம் அங்கே கரடி வந்ததாம். பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் சொல்லாத காரணம் மிச்சமில்லை.

"இந்த வருஷம் நான் உன்னைக் கேக்கவே போறதில்ல," என்றான் லைல். "புக் பண்ணியாச்சு. ஹால்வர் ஏரி. ஒரு வாரம்."

அவள் கையிலிருந்த கரண்டி தொட்டியில் விழுந்தது.

"அங்க கொசு பிடுங்கித் தின்னுடும்."

"கொசு இல்லாத ஏரி வேணும்னா அரிசோனா பாலைவனத்துக்குத்தான் போகணும். இன்னொண்ணு கேளு. உனக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு போடுவாங்களே, சோர்வாரி அம்மா, அவங்களுக்கும் எழுதிட்டேன். எண்பது தாண்டிடுச்சு. பொண்ணு செத்து இருபத்திரெண்டு வருஷமாகியும் உன்னை மறக்காம எழுதறாங்க. ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கணும்னு உனக்குத் தோணலையா?"

அவன் அன்பாகத்தான் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை. கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது. கார்டுகள் படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில், காலணிப் பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் நடுங்கும் கையெழுத்தில் ஒரே வரி: நீதான் என் கைசாவின் உயிர்த்தோழி, கடவுள் உன்னைக் காப்பாராக. ஒன்றைக்கூட அவளால் இரண்டாம் முறை படிக்க முடிந்ததில்லை. தூக்கிப் போடவும் முடிந்ததில்லை.

"எழுதினது எப்போ?"

"போன வாரம். ஏன், முகமெல்லாம் இப்படி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. அடுப்புச் சூடு."

சற்று நேரத்தில் லைல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் பனியை அள்ளப் போனான். ஆனிகாவும் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். வீடு அமைதியானது. ஏரி வாசனை மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு மாரிட்டுக்கு வயது பத்தொன்பது. ஹால்வர் ஏரிக்கரை விடுதியின் சமையற்கட்டில் அவளும் கைசாவும் கோடைக்கால வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஒரு ஜூலை அந்தியில், திருடிய ஒயினைக் குடித்துவிட்டு, முதலாளியின் படகைக் கேட்காமல் எடுத்துப் போனார்கள். படகு கவிழ்ந்தது. மாரிட் நீந்தினாள். சரியாக நீந்தத் தெரியாத கைசா கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதந்தாள். "ஆளைக் கூட்டிட்டு வரேன், விட்டுடாதே," என்று கத்திவிட்டு மாரிட் கரையேறினாள்.

முதலாளி வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே சீட்டாட்டம், சிரிப்பு. மாரிட் படியில் நின்றாள். ஈர உடை. வாயில் ஒயின் வாடை. இந்தக் கோலத்தில் கதவைத் தட்டினால் வேலை போகும், அப்பாவுக்குத் தெரியும். படகு தானாகவே கரை ஒதுங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறைக்குப் போய் உடை மாற்றி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

கைசா கூப்பிட்டாள். மாரிட். பிறகு சிறு இடைவெளி. மாரிட். அடுத்தது இன்னும் நீண்ட இடைவெளி. தலையணைக்குள்ளும் கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

ராத்திரி ஏதோ குரல் கேட்டதே என்று காலையில் இன்னொரு பெண் சொன்னபோது, இரவில் ஆள் அழுவதுபோல் கூவும் லூன் என்ற நீர்ப்பறவையாக இருக்கும் என்றாள் மாரிட். தான் சாயங்காலமே தூங்கிவிட்டதாகப் போலீஸிடம் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். அடக்கத்தின்போது சோர்வாரி அம்மா அவளைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது மாரிட் கூடத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள். வர முடியாது என்று சொல்லத்தான் எடுத்தாள். எண்களை அழுத்தும்போது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது.

"மாரிட் கண்ணு!" கிழவியின் குரல் தெளிவாக இருந்தது. "நீ பேசுவேன்னு அவ சொன்னா."

"யாரு சொன்னா?"

"கைசாதான். ஏரி உறைஞ்ச நாள்லேருந்து வீட்டுக்கு வந்து போயிட்டிருக்கா. சூடா காப்பி போட்டா குடிக்க மாட்டேங்கறா. அடுப்புக்கிட்ட உக்காந்தா தரை பூரா தண்ணியாயிடுது, நான்தான் துடைச்சிக்கிட்டே இருக்கேன்."

கிழவிக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது. அவ்வளவுதான். அவ்வளவுதான்.

"அம்மா, நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா..."

"எல்லாத்தையும் சொன்னா கண்ணு. ஒயினு, படகு, எல்லாம். ஒண்ணுதான் அவளுக்குத் தெரியலையாம். அவ கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா இல்லையா? கேட்டிருந்தா அவ வந்திருப்பாம்மான்னு நான் சொன்னேன். நான் சொன்னது சரிதானே?"

தொலைபேசியில் கிழவியின் மூச்சு மட்டும் கேட்டது. கோபமில்லாத மூச்சு. ஒரே ஒரு சொல் போதும். மாரிட்டின் நாக்கு அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு நகர்ந்தது.

"நான் தூங்கிட்டிருந்தேம்மா."

சொன்ன மறுகணமே உடம்பெல்லாம் கூசியது. இருபத்திரண்டு வருடம் கழித்தும் அதே பொய். அதே வேகம்.

"அப்படியா," என்றாள் கிழவி. பெருமூச்சு விட்டாள். "சரி, அவகிட்டயே சொல்லிடு. உன் வீட்டுக்காரர் எழுதின கடிதாசில விலாசம் இருந்துச்சு. எடுத்துக்கிட்டு முந்தாநாளே நடந்து கிளம்பிட்டா."

வாசலில் மண்வெட்டியின் சத்தம் நின்றது.

மாரிட் கேட்டுக்கொண்டு நின்றாள். பேச்சுக்குரல். லைலின் சிரிப்பு. பின்கதவு திறக்கும் ஓசை. பூட்ஸ்களைத் தட்டும் சத்தம். லைலுடையது. ஆனிகாவுடையது. மூன்றாவதாகத் தட்டும் சத்தம் இல்லை. ஈரமான ஏதோ ஒன்று மெல்லத் தரையில் பதிந்தது. இன்னொன்று. வெறும் கால்.

வாசனை தொண்டைவரை ஏறியது.

"மாரிட்! உன்கூட வேலை செஞ்சவங்களாம், பாவம், வண்டி நின்னுபோய் நடந்தே வந்திருக்காங்க. துண்டு எடுத்துட்டு வா! இந்தக் குளிர்ல எப்படித்தான் நனைஞ்சாங்களோ!"

அவளால் நகர முடியவில்லை. துண்டை ஆனிகாவே எடுத்துக்கொண்டு அவளைக் கடந்து ஓடினாள். கடைசியில் கால்கள் தாமாகவே அவளைச் சமையலறை வாசலுக்குக் கொண்டுபோயின.

கைசா மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. விடுதியின் பச்சை மேலங்கி. உதடுகளில் நிறமில்லை. நாற்காலிக் கால்களைச் சுற்றிக் கறுப்பு நீர் தேங்கிக்கொண்டிருந்தது. ஆனிகா பின்னால் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு அந்தக் கூந்தலைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்தது.

"ரொம்ப சில்லுன்னு இருக்காங்கம்மா," என்றாள் குழந்தை.

கைசா திரும்பினாள். கண்களில் பழியில்லை. கேள்வி மட்டும்.

"அன்னைக்கு நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா, மாரிட்?"

லைல் புன்னகையோடு மனைவியைப் பார்த்தான். ஆனிகாவும் பார்த்தாள். அந்த இரண்டு முகங்கள். அவற்றின் முன்னால், அதைச் சொல்ல முடியாது. முடியாது.

"கேக்கலை," என்றாள் மாரிட். "எனக்கு எதுவுமே கேக்கலை."

கைசா மெல்லத் தலையசைத்தாள். நம்பியவள்போல.

"அப்போ இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடறேன்."

வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது.

லைல் காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தான். ஜன்னல் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. கோப்பைகள் மேஜையில் துள்ளி உருண்டு, தரையில் விழுந்து, சத்தமில்லாமல் உடைந்தன. மாரிட்டுக்கு எதுவும் கேட்கவில்லை. அடுப்பின் இரைச்சல் இல்லை. தன் மூச்சு இல்லை. ஆனிகா துண்டோடு தரையில் விழுந்து, விரல்களுக்கிடையே ரத்தம் கசியக் காதுகளை அழுத்திக்கொண்டு, அவளைப் பார்த்து வாயை அகலத் திறந்தாள்.

உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. அம்மா. சிறு இடைவெளி. அம்மா.

மாரிட்டுக்கு அதுவும் கேட்கவில்லை.