ஏழாம் அறையின் மூச்சு

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி நாற்பது நாளான ஏழாம் குளிரறைக்குள் யாரோ மூச்சு விடுவதாகத் திரை காட்டியபோது, அவள் தேநீரைக் கீழே வைத்தாள்.

ராணுவ முகாமின் உணவுக் கிடங்கு அது. இறைச்சி எந்தக் குளிரில் இருக்கிறது, அறைக்காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று சென்சார்கள் சொல்வதைத் திரையில் பார்ப்பது அவள் வேலை. ஏழாம் அறை சென்சார் மட்டும் ஊர்ப்பட்ட பொய் சொல்லும். அதன் அலாரம் காரணமே இல்லாமல் கத்தித் தொலைக்கும். 'ஏழு கத்தினால் நிறுத்திவிடவும்' என்று அவளே எழுதித் திரைமேல் சீட்டு ஒட்டியிருந்தாள். நாற்பது நாளுக்கு முன் அது மூன்று முறை கத்தியது. மூன்று முறையும் நிறுத்தினாள். உள்கைப்பிடி உடைந்த அந்த அறைக்குள் பெட்டி அடுக்கப் போயிருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி.

சென்சார் பழுது என்பதற்குச் சாட்சியாகி, விசாரணையில் அந்தச் சீட்டுதான் அவளைக் காப்பாற்றியது. அதைக் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை. அம்மா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

திரையில் எண்கள் ஏறின. அன்றைக்கு ஏறிய அதே எண்கள்; அவளுக்கு மனப்பாடம். நாலு பத்துக்கு அவை நின்றுவிடும். மணி இப்போது மூன்றரை. யாரிடமாவது சொன்னால் மறுபடியும் விடுப்பில் அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணே, கொஞ்சம் திரையைப் பாத்துக்குங்க," என்று பக்கத்து மேசைச் சிப்பாயிடம் சொல்லிவிட்டு, சாவிக்கொத்தோடு ஓடினாள்.

நடைவழி முழுக்கக் கிருமிநாசினி நெடி, எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம், கதவின் ரப்பர் விளிம்பு ஈரமாகப் பிரியும் ஓசை. மின்சாரமே இல்லாத அறையிலிருந்து குளிர் முகத்தில் வந்து மோதியது. காலிப் பெட்டி ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெறும் அலமாரித் தட்டுகள். யாரும் இல்லை.

மூலையில் மூச்சுச் சத்தம்.

"தம்பி?"

பெட்டி நகர்ந்தது. கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. கதவை அடித்தாள். கத்தினாள். விரல்கள் மரத்தன.

தடித்த கதவுக்கு அப்பால், மெலிதாக, அலாரம் கத்தத் தொடங்கியது. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. சிப்பாய் அண்ணன் பார்த்துவிடுவார்.

நின்றது.

சீட்டைப் படித்திருப்பார்.

மறுபடி கத்தியது. நின்றது.

இருட்டில் ஒரு சில்லிட்ட கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் ஒரு தடவ கத்தும்க்கா," என்றான்.