பதினெட்டாவது பெட்டி

பீமராவ் சோபாவை விட்டு எழுந்திருக்காமலேயே பதினெட்டுப் பெட்டிகளைக் கண்டுபிடித்திருந்தார். பதினெட்டாவது பெட்டி அவருக்குப் பதில் எழுதியது.

‘சார், நீங்க வரவே இல்லையே.’

மாலை ஐந்தே முக்கால். ஆடிக்காற்று பஞ்சக்கரை ரோட்டிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து, ஜன்னல் கண்ணாடியில் யாரோ அரிசி புடைப்பதுபோல் சரசரவென்று இறைத்துக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்துக் கூட்டம் முழுக்கக் காவிரிப் பக்கம், அம்மா மண்டபத்தில். கொள்ளிடப் பக்கம் இருந்த இந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இரண்டாவது மாடியில் பீமராவ் மட்டும்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி படித்தார். வந்ததாகத்தானே நேற்று போட்டார்? ‘பெட்டி கிடைத்தது. அருமையான இடம். நன்றி.’ மற்ற பதினேழுக்கும் இதே வாக்கியம்தான்.

விளையாட்டு எளிமையானது. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு சின்ன டப்பாவை ஒளித்துவைப்பார். அது எங்கே இருக்கிறதென்று ஆப்பில் குறித்துவிடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போகவேண்டும். டப்பாவுக்குள் ஒரு நோட்டு இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஆப்பில் ‘கண்டுபிடித்தேன்’ என்று அழுத்தவேண்டும். டொரண்டோவில் இருக்கும் மகள் சுஜாதான் இதை அவருக்குப் பழக்கிவிட்டாள். மனைவி பிரேமலதா போய்ப் பதினான்கு மாதம் ஆகியும் அப்பா வாசல் கேட்டைத் தாண்டவில்லை என்று வேலைக்காரி செல்லக்கிளி போட்டுக் கொடுத்ததன் விளைவு.

“தீபாவளிக்குள்ள முப்பது டப்பா. இல்லேன்னா இந்த வீட்டை வித்துட்டுக் கோயம்புத்தூர் முதியோர் ஹோமுக்குப் போயிடணும். ரூம்கூடப் பாத்து வெச்சிருக்கேன்” என்றாள் சுஜா.

“வீட்டைக் காலி பண்றியா, என்னைக் காலி பண்றியா?”

“ரெண்டு பேருமே அங்க பூட்டித்தானேப்பா கிடக்கறீங்க?”

பீமராவுக்கு இந்த வீடு வேண்டும். பிரேமலதா கடைசியாகப் படுத்திருந்த கட்டில், அவள் பல்லிக்கு பயந்து செய்தித்தாள் திணித்த அலமாரி இடுக்கு, எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. வெளியே போகவும் முடியவில்லை. செருப்பை மாட்டினாலே நெஞ்சு படபடத்தது.

முப்பத்து நாலு வருஷம் எடை அளவுகளைச் சோதித்த அரசாங்க ஆய்வாளர் அவர். காந்தி மார்க்கெட்டில் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எடைக்கற்கள் சாக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அந்த மனிதர் மூன்று ஆப்களை இறக்கி, மூன்று போன்களில் போட்டு, கோடு போட்ட நோட்டில் ஒப்பிட்டுப் பார்த்தார். தன்னுடைய போன், சுஜா விட்டுப்போன பழைய போன், பிரேமலதாவின் போன். அதற்கு இன்னும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார்.

நீல ஆப் இலவசம், நெட் இல்லாமலும் வரைபடம் காட்டும். ஆனால் பெட்டிக்கு முப்பது மீட்டருக்குள் போனால்தான் ‘கண்டுபிடித்தேன்’ பொத்தானைக் கண்ணில் காட்டும். கறாரான பேர்வழி. மஞ்சள் ஆப்பில் விளம்பரத் தொல்லை, ஆனால் தூரத்தை நொடிக்கு நொடி மாற்றிக் காட்டும். பச்சை ஆப்பில்தான் பெட்டிகள் அதிகம்; சுஜா கனடாவிலிருந்து கண்காணிப்பதும் அதைத்தான். அது ஒன்றுமே கேட்காது. சோபாவில் இருந்தபடி அழுத்தினாலும் ‘வாழ்த்துகள்!’ என்று பூ தூவும்.

அதைப் பார்த்த அன்று பீமராவ் நோட்டில் பச்சைக்குப் பத்துக்குப் பத்து போட்டார். பொய்த் தராசுக்கு அவர் கொடுத்த முதல் முத்திரை.

இப்போது அந்தப் பச்சையில்தான் செய்தி. அனுப்பியவர் பெயர் ‘கரையோரம்’. பதினெட்டாவது பெட்டியை ஒளித்துவைத்தவர்.

பீமராவ் தட்டினார். ‘வந்தேனே. நேத்து சாயங்காலம்.’

‘நேத்து சாயங்காலம் பூரா நான் அங்கதான் சார் உக்காந்திருந்தேன்.’

எங்கோ ஒரு கதவு அடித்துக்கொண்டது.

‘நோட்டுல உங்க கையெழுத்து இல்லையே சார்.’

‘பேனா கொண்டு வர மறந்துட்டேன்.’

‘பேனா உள்ளயே இருக்கு சார்.’

மார்க்கெட்டில் மாட்டிக்கொண்ட வியாபாரிகள் இப்படித்தான் சாக்குச் சொல்வார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் பெட்டிக்காரர் பதிவை அழிக்கலாம். அழித்தால் சுஜாவுக்கு அறிவிப்பு போகும். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்றதையும் தோண்டுவாள். அப்புறம் கோயம்புத்தூர்தான்.

‘தயவு பண்ணி அழிச்சிடாதீங்க. நாளைக்கு வந்து போட்டுடறேன்.’

‘அழிக்க மாட்டேன் சார். ஆறு வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் வந்தேன்னு எழுதியிருக்கீங்க. அதைப் போய் அழிப்பேனா?’

பிறகு இன்னொரு வரி.

‘உங்களால வெளிய வர முடியாதுன்னு தெரியும். நானே எடுத்துட்டு வரேன்.’

வீட்டு முகவரியை அவர் எங்கேயும் கொடுத்ததில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். யாரோ பொழுது போகாதவன், வம்புக்கு இழுக்கிறான். டீ போட அடுப்படிக்குப் போனார், பால் பொங்கும் வரை அங்கேயே நின்றார், பழைய இன்ஸ்பெக்டர் புத்தி விடாமல் அரிக்கவே டம்ளரோடு திரும்பி வந்து மூன்று போன்களையும் டீப்பாயில் வரிசையாக வைத்தார். பெட்டி இருந்த இடம் கொள்ளிடக் கரையில், புதர் மண்டிய ஒரு பழைய பம்ப் ஷெட். நேற்று அளந்தபோது பச்சை 1380 மீட்டர் காட்டியது, நீலம் 1376, மஞ்சள் 1384. மூன்று தராசு, மூன்று எடை, அதுதான் இயல்பு.

இப்போது பச்சை 1380. நீலம் 1376. மஞ்சள் 1190.

மஞ்சள் கோளாறு என்று நோட்டில் குறித்தார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது மஞ்சள் 1168.

அவர் அசையவில்லை. 1165. 1164. பக்கத்தில் இருந்த வேறு பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. இது மட்டும். பெட்டிக்காரர் இடத்தை மாற்றிப் போட்டால் எண் ஒரேயடியாகத் தாவும். இப்படி ஒவ்வொன்றாகக் குறையாது. கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டார். நிமிஷத்துக்கு நாற்பது மீட்டர். அவசரமில்லாமல், மணலில் கால் புதையப் புதைய நடந்துவரும் ஒருவரின் வேகம்.

சுஜாவின் வீடியோ கால் வந்தது. அங்கே காலை எட்டரை, ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தாள்.

“பதினெட்டுப்பா! கலக்கறீங்க! கொள்ளிடக் கரை வரைக்கும் தனியாவா போனீங்க?”

“ஆமாம்மா.”

“எப்படி இருந்துச்சு? தண்ணி வந்திருக்கா?”

“ம். கொஞ்சம்.” கண் மஞ்சளின் மேல் இருந்தது. 940.

“ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கீங்க? தனியா இருக்க பயமா இருக்கா? உண்மையைச் சொல்லுங்க.”

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் யாராவது வருவார்கள், விளக்குப் போடுவார்கள், பக்கத்தில் உட்காருவார்கள். அடுத்த மாதம் இந்த ஹாலில் வேறு யாரோ டிவி பார்ப்பார்கள்.

“பயமா? எனக்கா? மார்க்கெட் ரவுடியையே பார்த்தவன்டி நான்.”

அவள் சிரித்தாள். “சரி, ட்ரெயின் வந்துடுச்சு. இறங்கிட்டு அரை மணியில கூப்பிடறேன்.”

திரை அணைந்ததும் வீடு இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. எழுந்து கதவைத் தாழிட்டார், மேல் தாழ்ப்பாளும் போட்டார், ஹால், அடுப்படி, குளியலறை என்று எல்லா விளக்கையும் எரியவிட்டார். படுக்கையறைக்குள் மட்டும் போகவில்லை. ஈர மணல் வாசனை வந்தது. ஆற்றில் ஊற்று தோண்டும்போது வருமே, அந்தக் குளிர்ந்த, லேசாக அழுகிய வாசனை.

இன்டர்காமில் காவலாளி சுடலைமுத்துவைக் கூப்பிட்டார்.

“சுடலை, யாராவது என்னைத் தேடி வந்தா மேல விடாத.”

“உங்களைத் தேடி யாரு சார் வரப்போறா?” என்றான் சுடலைமுத்து. உடனே நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி, “தப்பா நெனைக்காதீங்க சார். விடலை” என்றான்.

டீப்பாய்க்குத் திரும்பினார். மஞ்சள் 310. பச்சையும் 310. நீலமும் 310.

மூன்று மாதமாக ஒப்பிடுகிறார். மூன்றும் ஒரே எண்ணைக் காட்டியதே இல்லை. இப்போது மூன்றும் ஒன்றாகக் குறைந்தன. 309. 308. ஒரே மூச்சு விடுவதுபோல.

200. தெருமுனைப் பால் பூத்.

120. பிள்ளையார் கோவில்.

60.

“சுடலை, கேட்டுல யாரு?”

“யாரும் இல்ல சார். காத்துதான். மண்ணா கொட்டுது.”

“நல்லா பாருப்பா.”

“பாத்துக்கிட்டேதான் சார் இருக்கேன்.”

20. கேட் தாண்டியாகிவிட்டது.

9. படிக்கட்டு.

அப்புறம் 0.

மூன்றிலும் 0. அது மாறவில்லை. அவர் வெறித்துப் பார்த்தார். பிறகுதான் உறைத்தது. இந்த ஆப்கள் தூரத்தை மட்டும்தான் அளக்கும். உயரத்தை அளக்காது. நோட்டில் அவரே எழுதிவைத்த குறைதான். சுழியம் என்றால் கீழ்த்தளமாக இருக்கலாம். முதல் மாடியாக இருக்கலாம். இந்தக் கதவாகவும் இருக்கலாம்.

காதைத் தீட்டிக்கொண்டார்.

சரக்.

மொத்தம் நாற்பது படி.

சரக். ஈர மணல் சிமெண்டில் நசுங்கும் சத்தம். இடைவெளி. மறுபடி சரக்.

பதினேழு. பதினெட்டு. எண்ணாமல் இருக்க முடியவில்லை.

முப்பத்தொன்பது.

நாற்பது.

தட்டவில்லை. மணி அடிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. போன் மட்டும் ஒளிர்ந்தது.

‘வந்துட்டேன் சார். ஒரு கையெழுத்து.’

கதவைத் திறக்காமல் இருந்துவிடலாம். ‘அழிச்சுக்கோ’ என்று எழுதிவிடலாம். விரல் அந்த எழுத்துகள் வரை போயிற்று. சுஜா இன்னும் ஐந்து நிமிஷத்தில் கூப்பிடுவாள். கட்டிலை நினைத்தார். அலமாரி இடுக்கிலிருந்த செய்தித்தாளை நினைத்தார். ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே கேட்கிறான்? ஒரு கையெழுத்து, வீடு மிச்சம்.

எழுந்தார். போன்களை அப்படியே வைத்துவிட்டு இரண்டு தாழ்ப்பாளையும் விலக்கினார்.

வெளியே யாரும் இல்லை. குழல்விளக்கு எரிந்தது. வாசலிலிருந்து மூன்றடி தள்ளி, படி தொடங்கும் இடத்தில், துருப்பிடித்த ஒரு பால் பவுடர் டப்பா. சுற்றிலும் தண்ணீர் கசிந்திருந்தது.

நிலைப்படியில் நின்று கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. பதினான்கு மாதத்தில் முதல்முறையாகப் பயத்தைவிட அவசரம் பெரிதாக இருந்தது. மூன்றடி நடந்தார். குந்தி உட்கார்ந்தார். மூடி தானே கழன்றது. உள்ளே நாற்பது பக்க நோட்டு, நூல் கட்டிய பேனா. முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெயர். நல்லுசாமி. ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே முழுக்கக் காலி.

பேனா பனிக்கட்டியாக இருந்தது. அதற்குக் கீழே ‘பீமராவ்’ என்று எழுதி, பழக்கத்தில் தேதியும் போட்டார். எழுதி முடித்தபோது மேலே இருந்த பெயர் ஈரத்தில் ஊறி, கலைந்து, இல்லாமல் போனது.

முதுகுக்குப் பின்னால் சோபா ஸ்பிரிங் முனகியது.

திரும்பினார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தது. காற்றில் அடிக்கும் கதவு அல்ல. தூங்குகிறவர்களை எழுப்பாமல் ஒரு கை சாத்தும் விதம்.

உள்ளே போன் அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

“சொல்லும்மா.”

அவருடைய குரலேதான். அதே தொண்டைச் செருமல். சுஜா ஏதோ கேட்டாள். உள்ளே இருந்தவர் சிரித்தார். “தண்ணி சலசலன்னு போகுது. ராத்திரியில தவளை. யாருமே வரமாட்டாங்க, அதான் கஷ்டம். அதை விடு, நீ சாப்பிட்டியா?” மகள் கலகலவென்று பேசத் தொடங்கினாள். அம்மா போனதிலிருந்து அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை.

பீமராவ் கதவை ஓங்கி அடித்தார். சத்தம் வரவில்லை. மறுபடி அடித்தார். கையிலிருந்து மணல் உதிர்ந்தது. கத்தினார். வாய்க்குள் ஈரம் நிறைந்திருந்தது.

படியில் டார்ச் வெளிச்சம். சுடலைமுத்து மூச்சு வாங்க ஏறி வந்தான். “சுடலை! சுடலை!” டார்ச் அவர் மார்பின் மேல் விழுந்து, நிற்காமல், பின்னால் சுவரில் வட்டமாக நின்றது. அவன் அவரைச் சுற்றிக்கொண்டுகூடப் போகவில்லை. நேராக வந்தான். உடம்புக்குள் ஒரு குளிர் கடந்து போயிற்று, அவ்வளவுதான்.

சுடலைமுத்து மணி அடித்தான். கதவு திறந்தது.

உள்ளே வெளிச்சத்தில் இன்னொரு பீமராவ் நின்றார். அதே கட்டம் போட்ட லுங்கி, அதே கண்ணாடி. கையில் போன்.

“யாரும் வரல சார். ஏறி வந்து பாத்துட்டேன்.”

“காத்துதான் சுடலை. வீணா உன்னை அலைய வெச்சுட்டேன். காலையில ஆறு மணிக்கு கேட்டைத் தொறந்து வை. நடக்கப் போகணும்.”

“நீங்களா சார்?” சுடலைமுத்துவுக்கு முகமெல்லாம் பல். “நல்லது சார். போயிட்டு வாங்க.”

அவன் இறங்கிப் போனான். டார்ச் வெளிச்சம் படி படியாகக் கீழே போய்த் தேய்ந்தது.

கதவு உடனே மூடவில்லை. உள்ளே நின்றவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே மிகச் சரியாகப் பீமராவ் டப்பாவின் பக்கத்தில் சரிந்து குந்தியிருந்த இடத்தைப் பார்த்தார். ஆறு வருஷம் பேச ஆளில்லாமல் இருந்தவர்களுக்கே உரிய கூச்சத்தோடு, உதட்டை மட்டும் அசைத்து நன்றி சொன்னார்.

தாழ்ப்பாள் விழுந்தது. மேல் தாழ்ப்பாளும்.

குழல்விளக்கின் கீழே டப்பாவின் மூடி, மெல்லச் சுழன்று, தானே இறுகிக்கொண்டிருந்தது. பீமராவின் விரல்கள் அதற்குள் இருந்தன.