அளவுக் கோடு

குளித்துவிட்டு வந்து சேலையைச் சுற்றும்போதுதான் தையல்காரி அதைப் பார்த்தாள். இடது கெண்டைக்காலைச் சுற்றி நீல மையில் ஒரு கோடு.

தூக்கக் கலக்கத்தில் துணியில் போட வேண்டியதைக் காலில் போட்டுக்கொண்டேனா என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டாள். ஆனால் பின்பக்கத்திலும் கோடு துளியும் கோணவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை.

போன மாதம்வரை கணவரின் காலில் தினமும் அவள் போட்ட கோடு அது. பேருந்து ஓட்டியவர். உட்கார்ந்தே இருந்ததில் கால் நரம்பில் ரத்தம் உறைந்துவிட்டது. உறைவைக் கரைக்க மாத்திரை கொடுத்த டாக்டர், "முட்டிக்குக் கீழ பத்து சென்டிமீட்டர் எண்ணி, தினமும் அதே இடத்துல கோடு போட்டு அளந்து எழுதுங்கம்மா. கூடினா உடனே கூட்டிட்டு வாங்க. கட்டி நுரையீரலுக்கு ஏறிட்டா காப்பாத்தறது கஷ்டம்" என்றார்.

முப்பது வருடமாக அளவெடுக்கிற கை. அவள் எண்ணவில்லை, கண்ணளவில் போட்டாள்.

"கோடு கீழ போற மாதிரி இருக்குடி" என்றார் ஒருநாள்.

"நீங்க பஸ்ஸ ஓட்டுங்க. அளவு எடுக்கறத நான் பாத்துக்கறேன்."

குளிக்கையில் மங்கிய கோட்டை மறுபடி போடும்போதெல்லாம் அது அரை விரல் இறங்கியது. கால் வீங்க வீங்க, கோடு ஒல்லியான இடத்துக்குப் போனது. மூன்று வாரமும் நோட்டில் முப்பத்தேழு சென்டிமீட்டர்தான். ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் மூச்சுக்குத் தவித்து அப்படியே சாய்ந்தார்.

உடலைத் துடைக்கும்போது பார்த்தாள். மங்கிய கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, கணுக்கால்வரை. "தினமும் அளந்தேன், வீக்கம் கூடவே இல்ல" என்று மகளிடம் சொன்னாள். மகள் நம்பி அழுதாள். நோட்டு தையல் மெஷின் டிராயரின் அடியில் போயிற்று.

தன் காலில் கோட்டைப் பார்த்த மறுநாள், அது முட்டிக்கு மேலே இருந்தது. மூன்றாம் நாள் தொடையில். கால் கனத்தது, தொட்டால் சுட்டது.

மகள் போன் செய்தாள். "நாள் பூரா மெஷின்லயே உட்கார்ந்திருக்க. கால் ஏதாவது வீங்குதாம்மா? அப்பாவ பாத்த டாக்டர்கிட்டயே போலாம். அந்த நோட்டையும் எடுத்துட்டு வா, அவர் பாக்கணும்னாரு."

டிராயரைப் பார்த்தாள். "வீக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல."

அன்று மதியம் ஒரு பெண் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். "மூச்ச இழுக்காதீங்க, அளவு தப்பிடும்" என்று எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னாள். பின்னாலிருந்து யாரோ மெல்லச் சிரித்தது போல இருந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

அவள் போனபின், கூரை விசிறி தொங்குகிற ரவிக்கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருக்க, மெஷின் எண்ணெய் வாசனைக்குள் எங்கிருந்தோ டீசலும் அவர் காலில் தேய்க்கும் தைலமும் கலந்து வர, தையல்காரி மெஷின் மேலேயே தலை சாய்த்துக் கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கவில்லை. கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப் இல்லை. டிராயர் திறந்திருந்தது. நோட்டு மெஷின் மேல் விரிந்து கிடந்தது. அவள் எழுதிய முப்பத்தேழுகளின் அடியில் இன்றைய தேதி. சாய்ந்த எழுத்து. பஸ் டிரிப் ஷீட்டில் அவர் எழுதும் எழுத்து.

முப்பத்தேழு.

எழ முயன்றாள். கால் வரவில்லை.

முதுகுப் பக்கம் டேப் உரசும் சத்தம். அக்குள் வழியாக வந்தது. மார்பைச் சுற்றியது. முன்னால் இணைந்தது. அளவு அவள் கண்ணுக்கு நேரே நின்றது. எண்பத்தாறு.

சரியான அளவுதான்.

போன் அடித்தது. மகள். கை எட்டவில்லை.

எண்பது. எழுபத்து நான்கு.

"சொல்லிடறேன்... அவகிட்ட சொல்லிடறேங்க..."

அறுபது.

காதருகே தைல வாசனை. பொறுமையான குரல்.

"மூச்ச இழுக்காதடி. அளவு தப்பிடும்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. டேப்பின் நுனி, ஒவ்வொரு எண்ணாக, முப்பத்தேழை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.