பதில் அடுத்த இடத்தில்

ஞாயிற்றுக்கிழமை காலை. கோட்டை வாசலில் பத்துப் பேர் ஓடுவதற்குத் தயாராக நின்றார்கள். அவர்களோடு ஓடிக்கொண்டே நகரத்துப் பழைய கட்டடங்களின் கதையைச் சொல்ல வேண்டியவள் சித்தி. ஆனால் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

இருந்த வேலையை விட்டுவிட்டு சித்தி ஆரம்பித்த தொழில் இது. இன்றுதான் முதல் ஓட்டம். வந்தவர்களுக்குப் பிடித்தால் அடுத்த வாரமும் வருவார்கள். பிடிக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"நான் சொல்றேன் சித்தி! எனக்கு எல்லாம் மனப்பாடம்!" என்றாள் அவளுடைய அக்கா மகள் ரேடியோ.

அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவள் தூக்கத்தில்கூடப் பேசுவாள். சித்தி வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

கோட்டையின் கதையை ரேடியோ வெளுத்து வாங்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஓட்டம் தொடங்கியதும்தான் வம்பு வந்தது.

"அந்த... மணிக்கூண்டை... யாரு..." அதற்கு மேல் அவளுக்கு மூச்சு வரவில்லை.

"ரேடியோவுக்குக் கரண்ட் போயிடுச்சு!" என்று சிரித்தார் ஓட வந்திருந்த பல் டாக்டர் ஒருவர்.

கூட ஓடி வந்த பேக்கரிக்காரர் ஒருவர் மணிக்கூண்டுப் படிக்கட்டில் தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்சம் பெரிய உடம்பு அவருக்கு. "எனக்கு இது போதும்பா. கதையும் இல்ல, காலும் வலிக்குது."

இன்னும் இரண்டு பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சித்தியின் முகம் வாடியது. ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிக்கொண்டே தன்னால் பேச முடியாது. சரி, அவர்களைப் பேச வைத்தால்?

"மாமா, மேலே பாருங்க. மூணு பக்கம் கடிகாரம் இருக்கு. நாலாவது பக்கம் மட்டும் மொட்டைச் சுவரு. ஏன்?"

பேக்கரிக்காரர் அண்ணாந்து பார்த்தார். "ஏன்?"

"பதில் பாலத்துல!" என்று ரேடியோ ஓட்டமெடுத்தாள்.

"ஏய், இங்கேயே சொல்லிட்டுப் போம்மா!"

அவள் நின்றால்தானே! அவரும் எழுந்து ஓடினார். அந்த மொட்டைச் சுவர் ஏன் என்று வழியெல்லாம் ஒரே வாக்குவாதம்.

பாலத்தில் ரேடியோ மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "அந்தக் காலத்துல அந்தப் பக்கம் வெறும் குளம். மீனுக்கு எதுக்கு மணி?"

பாலமே அதிரும்படி எல்லாரும் சிரித்தார்கள். ரேடியோ அடுத்த கேள்வியைப் போட்டாள். "இந்தப் பாலம் நடுவுல ஏன் வளையுது? பதில் கலங்கரை விளக்கத்துல!"

இந்த முறை அங்கே முதலில் போய் நின்றவர் பேக்கரிக்காரர். "சொல்லு, சொல்லு!"

"நடுவுல ஒரு பாறை. இடிச்சுப் பார்த்தாங்க, அசையவே இல்ல. கடைசியில பாலம்தான் ஒதுங்கிப் போச்சு."

அதுதான் கடைசி இடம். எல்லாரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். ரேடியோ விடவில்லை.

"இந்தக் கலங்கரை விளக்கத்தோட கதவைப் பாருங்க. தரையில இல்லாம அவ்வளவு உயரத்துல ஏன் வச்சாங்க?"

"ஏன்?" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

"பதில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை!"

"இது அநியாயம்!" என்று கத்தினார் பேக்கரிக்காரர். சித்தி சத்தமே வராமல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலில் ஒரே கூட்டம். பேக்கரிக்காரர் தன் மனைவி, மச்சான், கடையில் வேலை செய்பவர்கள் என்று எல்லாரையும் இழுத்து வந்திருந்தார். அவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லையாம்.

"வாரம் பூரா எனக்குத் தூக்கமே இல்லம்மா. முதல்ல அந்தக் கதவுக்கிட்ட போயிடலாமா?"

"அது கடைசியிலதான் மாமா."

"அப்போ ஏன் நின்னுக்கிட்டு இருக்கே? ஓடு!" என்று அவரே முன்னால் ஓடினார்.