பரணுக்குப் போன நெட்

ரெண்டே பேர் இருக்கிற வீட்டில், ஊரே உட்கார்ந்து பார்த்ததுபோல் நெட் தீர்ந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பில்லைப் பார்த்து அலுத்துப்போய், வேறு கம்பெனிக்கு மாறுவதாகச் சொல்ல பழைய கம்பெனிக்குப் போன் போட்டார்.

“மாறிக்கோங்க சார்,” என்றாள் அங்கே பேசியவள். “ஆனா ஒம்போது வருஷமா உங்க லைன் ஒரு நிமிஷம்கூட சும்மா இருந்ததில்ல. மூணு பேரும் அப்படிப் பாக்குறீங்க!”

“ரெண்டு பேர்தாம்மா. நானும் வீட்டுக்காரியும்.”

“மூணு போன் காட்டுதே சார்.”

பக்கத்து வீட்டுக்காரன்! ஹெட்கிளார்க்குக்கு உச்சந்தலையில் சோறு வடிக்கலாம் போல் சூடேறியது. முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் அடுத்த மேஜைக்கு ஒரு குண்டூசி கொடுத்தறியாதவர் அவர். புதுக் கம்பெனி ஆள் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வருவான். அதுவரை பழையது ஓடட்டும் என்று விட்டிருக்கலாம்.

“இப்பவே கட் பண்ணும்மா. திருட்டுப்பய தவிக்கட்டும்.”

மத்தியானம் மூன்று மணிக்கு, டிவி பக்கத்துப் பெட்டியில் பச்சை விளக்கு சிவப்பானது.

கூடவே வீட்டில் ஏதோ நின்றது. ஒன்பது வருஷமாக ஃபிரிட்ஜின் சத்தம் என்று அவர் நினைத்திருந்த முணுமுணுப்பு அது. ஃபிரிட்ஜோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சமையலறைக்கு மேலே பரண் கதவின் இடுக்கிலிருந்து தூசி மாவு சலித்ததுபோல் இறங்கியது. அதன் பின்னாலேயே, நனைந்து காயாத சாக்கும் பல வருஷம் எண்ணெய் காணாத தலையும் கலந்த ஒரு வாடை.

“பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இருக்கறது பட்டன் போனுங்க,” என்றாள் மனைவி, அண்ணாந்து பார்த்தபடி. “மேல எலியா?”

“எலிதான்.”

“எலின்னா ஓடுமே. இது புரண்டு படுக்குது.”

பரண் பேசியது. முதலில் செய்தி வாசிப்பவரின் கணீர்க் குரல்.

“நெட் போயிடுச்சு.”

பிறகு சோப்பு விளம்பரப் பெண்ணின் கொஞ்சல்.

“எப்ப வரும்?”

கடைசியில் அச்சு அசலாக மனைவியின் குரல். மனைவி வாயை மூடிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

“ஏங்க. எப்ப வரும்?”

ஹெட்கிளார்க் புதுக் கம்பெனியை அழைத்தார். “தம்பி, இப்பவே வந்து போட்டுடுப்பா. உனக்குக் கோடிப் புண்ணியம்.”

“நாளைக்குப் பத்து மணிக்குதான் சார். ஒரு நாள் நெட் இல்லாம இருக்க முடியாதா?”

“என்னால முடியும்பா,” என்று கிசுகிசுத்தார்.

லைன் போய்விட்டது. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு,” என்றார் மேலே பார்த்து. “பத்து மணி.”

“அதுவரைக்கும்?”

பரண் கதவு திறந்தது. ஒரு கை இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. வெளிறிய, மெலிந்த கை. கட்டைவிரல் மட்டும் கரண்டிபோல் அகன்று, தேய்ந்து, ரேகையே இல்லாமல் பளபளத்தது.

அது மனைவியின் முகவாயில் பட்டது. மேலே தள்ளியது.

முகம் நழுவிப் போனது. கீழிருந்து இன்னொன்று வந்தது. யாரோ ஒருத்தி. சிரித்தாள்.

பிடிக்கவில்லை. தள்ளியது.

அழுகிற கிழவன். தள்ளியது. கொட்டாவி விடும் குழந்தை. தள்ளியது.

“வேணாம்,” என்றார் ஹெட்கிளார்க். “அவளை விட்டுடு.”

தள்ளியது. தள்ளியது.

நின்றது.

மனைவியின் கழுத்துக்கு மேல் அவருடைய முகம். வாய் பிளந்து, கண் பிதுங்கி, பயத்தில் வெளிறிய அவருடைய சொந்த முகம்.

பரணில் ஒரு சிரிப்பு. விரல் அந்த முகத்தை ஆசையாக இரண்டு தட்டுத் தட்டியது.

நாற்காலியில், மூக்குக்கண்ணாடி நிற்க இடமில்லாமல் மடியில் விழுந்தது.