வழியனுப்பு

கணினியில் அறுபத்து மூன்று பதிவுகள் இருந்தன, கைப்பேசிக்கு அறுபத்திரண்டுதான் வந்திருந்தது. யுகேந்திரன் கேபிளைப் பிடுங்கி, முனையை ஊதி, மறுபடி செருகினான். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, பிறகு எல்லாம் ஏறிவிட்டதாகச் சொன்னது. எண்ணிப் பார்த்தான். அறுபத்திரண்டு. காலை பத்து மணியிலிருந்து இதே கூத்து.

பண்டமாரானில் முகுந்தனின் உறுமிக் குழுவுக்கு ஸ்பீக்கர் போடுகிறவன் அவன். தலைமை உறுமிக்காரர் கார்த்திகேசு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால், இன்று சாயங்காலக் கோயில் பூசைக்கு அவர் அடித்த பழைய பதிவைத்தான் போட வேண்டும். அதில் இரண்டு அடிகள் முக்கியம். சாமியை இறக்க வரவு. ஆடி முடித்த சாமியை மலையேற்ற வழியனுப்பு. வரவு முதல் தடவையிலேயே சமத்தாக ஏறிவிட்டது. வழியனுப்புதான் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அதன் பெயர் மட்டும் கைப்பேசியில் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. தட்டினால் கைப்பேசி அதைத் தாண்டிக் குதித்து, பக்கத்தில் இருந்த வரவைப் பாட ஆரம்பித்தது. ஹாலின் மூலையில் நின்ற பெரிய ஸ்பீக்கரிலிருந்து, சத்தத்தை எவ்வளவு குறைத்தும் தரை வழியாக உள்ளங்காலில் ஏறும் அந்த இழுவை, வளைந்த குச்சி தோலைத் தேய்க்கத் தேய்க்க அடிவயிற்றைப் பிசையும் அந்த முனகல், பத்து விநாடி ஓடும். நிறுத்துவான். மறுபடி ஏற்றல். மறுபடி தட்டல். மறுபடி வரவு.

"எத்தன தடவ அதையே போடுவீங்க? தூங்க விடுங்க லா."

படுக்கையறையிலிருந்து மனைவி குமுதா. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டு எட்டு மணிக்குத்தான் வந்து படுத்தாள். அவளுக்காகவே வீட்டின் கனத்த திரைகளை எல்லாம் இழுத்துவிட்டிருந்தான். வெளியே மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"இந்தச் சனியன் ஏற மாட்டேங்குதும்மா. இன்னும் ஒரே தடவ."

ஒரே தடவை ஆறு தடவையானது. கைப்பேசியை அணைத்துப் போட்டான். செயலியை நீக்கிவிட்டு மறுபடி இறக்கினான். அறுபத்திரண்டு. கைப்பேசியை மூன்றாவது மாடியிலிருந்து கீழே எறியலாம் போல வந்தது. அப்போதுதான் சுருட்டு வாசனை அடித்தது. பச்சைப் புகையிலையும் ஈரமண்ணும் கலந்த, தொண்டையைக் கரகரக்க வைக்கும் வாசனை. கீழ் வீட்டு அங்கிளாக இருக்கும் என்று நினைத்தான். சன்னல்கள் மூடியிருப்பது பிறகுதான் உறைத்தது.

"யாருங்க வந்திருக்கா?" என்றாள் குமுதா, தூக்கக் குரலில்.

"யாரும் இல்லயே."

"ஹாலுல நடக்கிற சத்தம் கேக்குது."

"நான் உக்காந்துதான்மா இருக்கேன். தூங்கு."

கேபிளை மறுபடி செருகினான். கணினித் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, கைப்பேசியில் உள்ளபடி மாற்றவா? எதையாவது செய்து தொலை என்று ஆமாம் போட்டான். இந்தத் தடவை பச்சைக் கோடு நிற்காமல் ஓடி முடிந்தது. வழியனுப்பைத் தட்டினான்.

வரவு.

முகுந்தனுக்கு அழைத்தான்.

"அண்ணே, வழியனுப்பு ஏற மாட்டேங்குது. தட்டுனா வரவுதான் ஓடுது. காலையிலேர்ந்து தல வலி."

"எத்தன தடவ ஓடுச்சு?"

"இருபது, இருபத்தஞ்சு இருக்கும். கொஞ்சம் கொஞ்சம்தான்."

"வீட்டுலயா?"

"வீட்டுலதான்."

"கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? இப்பவே வழியனுப்ப முழுசா போடு. மொதல்ல அதப் போடு."

"வீட்டுக்குள்ள சாமி வந்திருக்கும்னு சொல்றீங்களாண்ணே?" யுகேந்திரன் சிரிக்கப் பார்த்தான்.

"விரதம் இல்ல, பூசை இல்ல. சாமி இப்படிக் கூப்பிட்டா வராதுப்பா." குரல் தாழ்ந்தது. "அதனாலதான் சொல்றேன். போடு. இருக்கிறது அந்த ஒரு பதிவுதான், அது உங்கிட்டதான் இருக்கு."

கணினிப் பக்கம் திரும்பினான். அங்கேயும் அறுபத்திரண்டு. கைப்பேசியில் உள்ளபடி மாற்றச் சொல்லியிருந்தான், அது அப்படியே மாற்றியிருந்தது. அழித்த கோப்புகள் கிடக்கும் இடத்தில் தேடினான். காலி.

ஸ்பீக்கரின் மின்கம்பியைப் பிடுங்கினான். கைப்பேசியை அணைத்தான். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு படுக்கையறையில் ஏதோ மரத்தைத் தட்டியது. கட்டில் பலகை. மெதுவாக. ஒரே தாளத்தில்.

வரவு.

"குமுதா?"

தட்டல் நின்றது. கதவு திறந்தது. அவள் வந்தாள். கட்டியிருந்த முடி அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தாள். அது அவள் நடை இல்லை.

அவனைப் பார்க்கவில்லை. ஹாலின் நடுவில் நின்றாள். சாமி வந்தவர்களை எத்தனையோ கோயிலில் பார்த்திருக்கிறான். நிற்பார்கள், ஆடுவார்கள், வாக்குச் சொல்வார்கள், மலையேறியதும் விழுவார்கள். குமுதா ஆடவில்லை. ஹாலைச் சுற்றிப் பார்த்தாள், புது வீடு பார்க்க வந்தவர்கள் பார்ப்பதைப் போல. பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"குமுதா, நான்தாம்மா. என்னப் பாரு."

பார்க்கவில்லை. சிரித்தாள்.

அனுப்பவேண்டும். எப்படியாவது. கார்த்திகேசு வழியனுப்பு அடித்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். எப்படித் தொடங்கும்? மேசையில் விரல்களை வைத்தான். கண்ணை மூடினான். அடித்தான். விரல்கள் தாமாகவே தாளத்தைப் பிடித்துக்கொண்டன. சரியாகத்தான் வந்தது. பிசகாமல் வந்தது. முழுச் சுற்று அடித்து முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.

வரவு. காலையிலிருந்து கேட்டது அது ஒன்றுதான். கைக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

வாசல் கிரில் கதவு ஒரு தடவை குலுங்கியது.

சுருட்டு வாசனை கூடியது.

குமுதா திரும்பிப் பார்க்காமல், உட்கார்ந்தபடியே கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டாள்.